காற்றைத் தின்று வளரும் செடி: கரியமில வாயு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறேன். படித்தது தாவரவியல், பிழைப்பு நாற்று விற்பது. வாங்க வருகிறவர்கள் பணம் கொடுத்து, செடியை வண்டியில் வைத்து, சாவியைப் போட்ட பிறகுதான் "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். உரம், பூச்சி பற்றிய சந்தேகங்கள் ஒரு பக்கம். இந்தக் கரியமில வாயு பற்றி மட்டும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்து, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

சார், கரியமில வாயு வேற, கார்பன் டை ஆக்சைடு வேறயா?

ஒன்றுதான். தாத்தாவின் பாடப்புத்தகத்தில் கரியமில வாயு, பேரன் புத்தகத்தில் கார்பன் டை ஆக்சைடு. இலங்கைப் பாடநூல்களில் காபனீரொட்சைட்டு. அங்கே ஒளிச்சேர்க்கைக்கும் ஒளித்தொகுப்பு என்று பெயர். எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும், அதில் 'கரி' இருக்கிறது. விறகை மூட்டம் போட்டால் மிஞ்சுகிற கரி, ஒரு காலத்தில் காற்றில் வாயுவாக இருந்ததுதான்.

செடிக்குச் சாப்பாடு மண்ணுலேர்ந்துதானே வருது? காத்துல என்ன இருக்கு?

தலைமுறை தலைமுறையாக எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்பவர் இதைத் தராசில் வைத்துப் பார்த்தார். காயவைத்த மண் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ, ஒரு தொட்டியில் நிரப்பினார். கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த வில்லோ இனத்தில் 5 பவுண்டு எடையுள்ள கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். முடிவில் மரம் 169 பவுண்டு, அதாவது 76 கிலோவுக்கு மேல். மண்ணைக் காயவைத்து எடை போட்டபோது குறைந்திருந்தது 2 அவுன்ஸ், 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648-ல் இது புத்தகமாக வந்தது.

மண் மரமாகவில்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறம் எது மரமாயிற்று? தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார் அவர். 'கேஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர்தான். கரி எரியும்போதும் பழரசம் புளிக்கும்போதும் வருகிற வாயுவைப் பற்றி எழுதியவரும் அவர்தான். தன் மரம் தின்றது அதே வாயுவைத்தான் என்பது மட்டும் அவருக்குத் தட்டுப்படவில்லை. அது தெளிவாக இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1782-ல் ஜெனீவாவில் செனபியர் கரியமில வாயுவின் பங்கைச் சொன்னார், 1804-ல் அதே ஊர்க்காரர் டி சோசூர் அளந்து காட்டினார்.

இன்றைய கணக்கில், செடியைக் காயவைத்தால் மிஞ்சும் பொருளில் சுமார் 45 சதவீதம் கார்பன், ஏறக்குறைய அதே அளவு ஆக்சிஜன், 6 சதவீதம் ஹைட்ரஜன். மண் கொடுக்கும் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), இரும்பு, துத்தநாகம் எல்லாம் மிச்சமிருக்கும் அந்த நாலைந்து சதவீதத்தில் அடக்கம். கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் மற்றது நடக்காது. குழம்பில் உப்பு மாதிரி.

காத்துல அது ரொம்பக் கொஞ்சம்னு படிச்சேனே, அதை வச்சு எப்படி இவ்வளவு பெரிய மரம்?

கொஞ்சம்தான். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 420 பங்கு. ஒரு கன மீட்டர் காற்றைப் பிடித்து வடிகட்டினால் முக்கால் கிராம் தேறும். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்துக்கு உள்ள காற்று முழுவதிலும் 21 கிராம்.

இப்போது ஒரு ஏக்கர் நெல்லைப் பாருங்கள். இரண்டரை டன் நெல், அதே அளவு வைக்கோல், மொத்தம் 5 டன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் கார்பன் 2 டன். அந்தக் கார்பன் வர, 7 டன்னுக்கு மேல் கரியமில வாயு பயிருக்குள் போயிருக்க வேண்டும். அந்த வயலுக்கு நேர் மேலே உள்ள காற்றிலிருந்து மட்டும் எடுப்பதானால், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயரமான காற்றுத் தூணை ஒட்ட உறிஞ்ச வேண்டும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் பயிருக்கு அந்தக் கவலை இல்லை. ஏழு டன் சரக்கு வாடகையில்லாமல் வயலுக்கு வந்து இறங்குகிறது. நாம் மூட்டைக்கணக்கில் தூக்கிப் போடும் உரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனா மாத்தித் தருது, அவ்வளவுதானே?

பள்ளிக்கூடத்தில் நம் மண்டையில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் செடி வெளியே விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. 1941-ல் அமெரிக்காவில் ரூபன், காமன் குழுவினர் அடையாளம் தெரிவதற்காகக் கனமான ஆக்சிஜன் (எடை கூடிய ஆக்சிஜன் அணு) கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த வாயுவில் அந்தக் கனமான ஆக்சிஜன் இருந்தது. கரியமில வாயுவில் அதை வைத்துக் கொடுத்தபோது அப்படி வரவில்லை.

வெளிச்சத்தின் வேலை தண்ணீரை உடைப்பது. வெளிச்சத்தின் சக்தியையும் உடைத்ததில் கிடைக்கும் ஹைட்ரஜனையும் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது செடி. ஆக்சிஜன் அந்த வேலையில் மிஞ்சும் கழிவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அரசமரக் கேள்வியில் தேவைப்படும்.

இலைக்குள்ள போனப்புறம் அதுக்கு என்ன ஆகுது?

இலையின் அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவை செடிக்கு வாய் மாதிரி. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு காப்புச் செல்கள் கதவாக இருக்கின்றன. கதவு திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும். அதே கதவு வழியாகத் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும். நெல் மாதிரியான பயிரில் ஒரு மூலக்கூறு வாயு உள்ளே வருவதற்குள் சில நூறு மூலக்கூறு தண்ணீர் போய்விடுகிறது. மதிய வெயிலில் தண்ணீர் போதாவிட்டால் செடி கதவைச் சாத்திவிடும். உயிர் பிழைக்கும், ஆனால் அந்த நேரம் சமையல் கிடையாது.

உள்ளே வந்த வாயுவைப் பிடித்துக் கட்டுவது ரூபிஸ்கோ என்கிற நொதி. உலகத்திலேயே அதிகம் இருக்கும் புரதம் இதுதான் என்பார்கள். மந்தமான வேலைக்காரன், நொடிக்கு நாலைந்து மூலக்கூறுதான் கையாளும். அதனால்தான் செடி இதை இலை முழுக்கக் கொட்டி வைத்திருக்கிறது. யூரியா போட்டதும் பயிர் கருகருவென்று எழுவதற்கு ஒரு காரணம், அந்தத் தழைச்சத்தில் பெரும்பங்கு பச்சையமும் ரூபிஸ்கோவும் செய்யப் போவதுதான். பிடித்த கார்பன் எந்த வழியாகச் சர்க்கரையாகிறது என்பதைக் கதிரியக்கக் கார்பனை வைத்துப் படிப்படியாகக் கண்டுபிடித்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடன் உழைத்த பென்சனுக்குக் கிடைக்கவில்லை. தாவரவியல் வகுப்புகளில் இன்னும் அந்தப் பொருமல் உண்டு.

ரூபிஸ்கோவுக்கு இன்னொரு கோளாறு: கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். நாலு தடவைக்கு ஒரு தடவை இப்படி ஆகலாம், வெயில் ஏற ஏற இன்னும் அதிகம். தப்பாகப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி சேர்த்துவைத்த கார்பனிலேயே கொஞ்சம் வெளியே போகிறது.

இதையெல்லாம் கண்ணால காட்ட முடியுமா? பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. (ஒரு டீச்சர்)

வேலம்பாசி போதும் டீச்சர். நீங்கள் ஹைட்ரில்லா என்று சொல்வீர்கள். கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் ஒரு கொத்தைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, தண்ணீர் நிறைந்த சோதனைக் குழாயைத் தலைகீழாக மாட்டி வெயிலில் வையுங்கள். வெட்டிய தண்டு முனையிலிருந்து ஊசி குத்தின மாதிரி குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் அதே பாசியைப் போட்டால் குமிழ் ஏறக்குறைய நின்றுவிடும், ஏனென்றால் கரைந்திருந்த வாயுவெல்லாம் கொதியில் போய்விட்டது. அதில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுங்கள். மறுபடி கிளம்பும்.

முக்கியமான பாடம் அடுத்ததுதான். இன்னொரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை என்று போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் குமிழ் கூடாது. குடுவையை நிழலுக்கு நகர்த்தினால் எவ்வளவு சோடா இருந்தாலும் குறையும். எது பற்றாக்குறையோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இதை வைத்துத்தான்.

கரும்பும் மக்காச்சோளமும் மட்டும் ஏன் அசுர வேகத்துல வளருது?

அவை ரூபிஸ்கோவின் கோளாறுக்கு ஒரு வழி கண்டுபிடித்த பயிர்கள். வாயுவை முதலில் வேறொரு நொதி பிடித்து நான்கு கார்பன் உள்ள அமிலமாக்குகிறது. அந்த அமிலம் நரம்பைச் சுற்றியுள்ள உள்ளறைச் செல்களுக்குப் போய், அங்கே வாயு மறுபடி வெளிவருகிறது. பூட்டிய அறைக்குள் வாயு நெருக்கமாக இருப்பதால் ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பிடிக்கும் தவறு அனேகமாக நடக்காது. ஹவாயில் கரும்பு ஆய்வாளர்கள் இதன் தடயத்தை முதலில் பார்த்தார்கள். 1966-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பிலேயே முழு வழியையும் விளக்கினார்கள். நான்கு கார்பன் என்பதால் சி4 பயிர்கள் என்று பெயர். நெல், கோதுமை, நிலக்கடலை, பருத்தி, வாழை, பெரும்பாலான மரங்கள் எல்லாம் இந்த வழி இல்லாத சி3 பயிர்கள்.

நம் ஊர்ப் பட்டியல் சுவாரசியமானது. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே சி4. தண்டுக்கீரையும் முளைக்கீரையும்கூட. மானாவாரிக் காட்டில், வெயிலில், குறைந்த தண்ணீரில் இவை தாக்குப்பிடிப்பதற்கு இது பெரிய காரணம்: கதவைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதிய வாயு பிடித்துவிடும். நெல்லுக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2008 வாக்கில் ஆரம்பித்த வேலை, பல நாட்டு ஆய்வகங்களில் இன்னும் நடக்கிறது. இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும், லேசான காரியமில்லை.

கள்ளி, அன்னாசியெல்லாம் ராத்திரியில மூச்சு விடும்கறாங்களே?

மூச்சு எல்லாச் செடியும் எல்லா நேரமும் விடும். கள்ளி வகைகளின் விசேஷம், கதவை ராத்திரியில் திறப்பது. வெயில் இறங்கிய பிறகு வாயுவை உள்ளே வாங்கி அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, சேர்த்துவைத்ததை எடுத்து வெளிச்சத்தில் சமைக்கும். சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, டிராகன் பழம், சோற்றுக்கற்றாழை, துவையல் அரைக்கிற பிரண்டை எல்லாம் இந்தக் கூட்டம். தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு, அதற்கு விலையாகப் பெரும்பாலானவை மெதுவாகத்தான் வளரும்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் நாக்கால் கண்டுபிடித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னை மாகாணத் தாவரவியலராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் மதியம் சப்பென்றும் மாலையில் லேசான கசப்பாகவும் இருப்பதாக எழுதினார். அந்தக் கடிதம் 1815-ல் லண்டனில் அச்சானது. புத்தகத்துக்குள் வைத்தால் ஓரத்தில் குட்டி போடுமே, அதே இலைதான். நானும் விடியற்காலை ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்திருக்கிறேன். மாங்காய் அளவு இல்லை, புளிச்சக்கீரையைப் பச்சையாகக் கடித்த மாதிரி இருந்தது. நீங்கள் கடிக்க வேண்டாம், அந்த இனத்தில் நச்சுப்பொருள் உண்டு. நான் துப்பிவிட்டேன்.

ராத்திரி புளியமரத்தடியில் படுத்தா கார்பன் டை ஆக்சைடு ஆளை அமுக்கிடும்னு சொல்றாங்க. உண்மையா?

பேய்க்கதைக்கு விஞ்ஞானச் சட்டை போட்டுவிட்டது மாதிரி ஒரு விளக்கம் இது. புளியமரம் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை, எல்லா மரமும் விடும். ஆனால் திறந்த வெளியில் அது உடனே கலைந்துபோகும்.

பயப்படுவதானால் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியே விடுகிறார். படுக்கையறையில் வைக்கும் நடுத்தர அளவுத் தொட்டிச்செடி இரவு முழுக்க விடுவது ஒரு கிராமைக்கூடத் தொடாது.

அரசமரம், துளசி, ஸ்நேக் பிளான்ட் எல்லாம் 24 மணி நேரமும் ஆக்சிஜன் விடுமாமே?

விடாது. ஆக்சிஜன் வர வேண்டுமானால் தண்ணீர் உடைய வேண்டும், தண்ணீர் உடைய வெளிச்சம் வேண்டும் (ரூபன், காமன் சோதனையைச் சொன்னேனே). ஸ்நேக் பிளான்ட் என்று விற்கும் மருள் இனம் கள்ளி மாதிரி இரவில் கரியமில வாயுவை வாங்கும் வகைதான். ஆனால் வாங்குவது வேறு, ஆக்சிஜன் விடுவது வேறு. வாங்கும் அளவும் நீங்கள் விடும் மூச்சுக்குப் பக்கத்தில் நிற்காது.

நானே இந்தச் செடியை விற்கிறேன், நன்றாகவும் போகிறது. அழகுக்கு வாங்குங்கள், ஒரு மாதம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது. அறையில் நல்ல காற்று வேண்டுமானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

யூரியாவுல கார்பன் இருக்கு, தொழு உரத்துல கார்பன் இருக்கு. அதெல்லாம் வேர் வழியா ஏறாதா?

சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. யூரியாவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன்தான், ஆனால் மண்ணில் அது அமோனியாவாக உடையும்போது கார்பன் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 45 கிலோ மூட்டையிலிருந்து வருவது 33 கிலோ. ஏக்கருக்கு ஏழு டன் கணக்கில் இது எந்த மூலைக்கு?

தொழு உரம், தழை உரம் மக்கும்போது நிறையவே வாயு வரும். மண்ணுக்குள் உள்ள காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். அது மேலே கசிந்து, அடர்ந்த பயிருக்கு நடுவே காற்றில்லாத காலையில் இலைக்குக் கொஞ்சம் உதவும். மண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி, கட்டிக்கிடக்கும் தாதுக்களைக் கரைத்துவிடும். ஆனால் வேருக்கு வேண்டியது ஆக்சிஜன். தண்ணீர் தேங்கிய தொட்டியில் செடி அழுகுவது வேர் மூச்சுத்திணறித்தான். நெல் தண்ணீரில் நிற்கிறதே என்றால், அது இலையிலிருந்து வேர்வரை காற்றுக்குழாய் வைத்திருக்கும் பயிர்.

மாடித்தோட்டத்துல சர்க்கரை, ஈஸ்ட் பாட்டில் வைக்கலாமா? ஆப்பசோடாத் தண்ணி தெளிக்கலாமா?

பாட்டிலில் வாயு வரும், பொய்யில்லை. ஆனால் மொட்டை மாடியில் தென்றல் அடித்தால் அடுத்த நொடி அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஊதுபத்தி ஏற்றி வைத்துப் புகை எங்கே போகிறது என்று பாருங்கள், புரியும்.

ஆப்பசோடா இன்னும் மோசம். வேலம்பாசிச் சோதனையைப் பார்த்துவிட்டு யாரோ கிளப்பிவிட்டது போலிருக்கிறது. தண்ணீருக்குள் வாழும் செடிக்கு அது சரி. தொட்டி மண்ணில் தொடர்ந்து ஊற்றினால் சோடியம் சேர்ந்து மண் இறுகும், உவர் மாதிரி ஆகும். அந்தச் செலவுக்கு இரண்டு கூடை மக்கிய உரம் வாங்கிப் போடுங்கள்.

அப்போ மீன் தொட்டிச் செடிக்கு மட்டும் ஏன் சிலிண்டர் வைக்கிறாங்க?

ஏனென்றால் அங்கே அது நிஜமாகவே பற்றாக்குறை. வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இலையைச் சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பது தீர்ந்தால் புதியது வந்து சேர நேரமாகும். சென்னை கொளத்தூர்க் கடைகளில் பார்த்திருப்பீர்கள், பாசித் தரை விரித்துச் சிவப்புச் செடி வைத்த தொட்டிகளில் ஒரு ஓரத்தில் குமிழ் பொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் உரமும் நன்றாக இருந்தால், இந்த வாயு சேர்ந்ததும் இரண்டு வாரத்தில் வித்தியாசம் கண்ணில் படும்.

சிலிண்டருக்குக் காசில்லாத காலத்தில் நானும் ஈஸ்ட் பாட்டில் வைத்தேன். இரண்டு லிட்டர் பாட்டில், கால்வாசி சர்க்கரைத் தண்ணீர், கால் ஸ்பூன் ஈஸ்ட், மூடியில் சலைன் குழாய். ஈஸ்டுக்கு இரவு பகல் கிடையாது, புழுக்கமான இரவில் இன்னும் வேகமெடுக்கும். இரவில் செடியும் வாயுவை வாங்காது. விடிகாலையில் பார்த்தால் கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குழாயைப் பிடுங்கி, பாதித் தண்ணீர் மாற்றியதில் நாலு பிழைத்தன, மூன்று போய்விட்டன. இரவில் பாட்டிலைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட்டு, காற்று மோட்டாரைப் போட்டுவிடுங்கள்.

எங்க பாலிஹவுஸ்ல குடமிளகா போட்டிருக்கோம். வாயு ஏத்தினா லாபமா? நெதர்லாந்துல ஏத்தறாங்களே.

அங்கே கண்ணாடி வீடு, வருடத்தில் பாதி நாள் குளிருக்காக மூடியே இருக்கும். சூடாக்க இயற்கை எரிவாயு எரிக்கிறார்கள், அதன் புகையிலுள்ள வாயுவையே உள்ளே விடுகிறார்கள். ராட்டர்டாம் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 2005 முதல் குழாய் வழியாகவும் பண்ணைகளுக்கு வருகிறது. தக்காளி, வெள்ளரிக்குப் பத்து லட்சத்தில் 800, 1000 பங்குவரை ஏற்றுவார்கள். விளைச்சல் 20, 30 சதவீதம் கூடுவது சகஜம். தண்ணீர், உரம், வெப்பம் எல்லாம் ஏற்கெனவே குறையில்லாமல் இருப்பதால் அது பலிக்கிறது.

நம் பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில், பக்கவாட்டுத் திரையைச் சுருட்டிக் காற்றோட்டத்தில் குளிர்விக்கிற வகை. ஏற்றும் வாயு பின்வாசல் வழியாகப் போய்விடும். ஆனால் ஒன்று உண்டு. மார்கழி, தைக் குளிரில் இங்கே பலர் திரையை ஒன்பது, பத்து மணிவரை இறக்கியே வைக்கிறார்கள். இரவில் உள்ளே சேர்ந்த வாயுவைச் செடி விடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு அளவு வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். வெயில் பட்டதும் திரையைக் கொஞ்சமாவது தூக்குங்கள். நல்ல காலை வெளிச்சம் வீணாகாது, செலவும் இல்லை.

கருவி வைத்து ஏற்றியே தீருவேன் என்பவர்கள் அளவுமானி இல்லாமல் இறங்காதீர்கள். 5000 பங்குக்கு மேல் எட்டு மணி நேரம் வேலை செய்யக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 40,000 என்றால் உயிருக்கே ஆபத்து. மணமோ நிறமோ கிடையாது.

காத்துல கரியமில வாயு கூடிக்கிட்டே போகுதுங்கறாங்க. பயிருக்கு நல்லதுதானே, ஏன் பயமுறுத்தறாங்க?

கேள்வி நியாயமானது. தொழிற்சாலைகளுக்கு முந்தைய காலத்தில் சுமார் 280 பங்கு. ஹவாயின் மவுனா லோவா மலையில் அமெரிக்க விஞ்ஞானி கீலிங் 1958-ல் அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சி3 பயிருக்கு இது உரம் மாதிரி என்பது உண்மை. செயற்கைக்கோள் படங்களில் 1980-களிலிருந்து உலகின் பல பகுதிகள் பச்சை கூடியிருக்கின்றன, அதில் இந்த வாயுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 2016-ல் வந்த ஆய்வு சொன்னது.

ஜப்பானில் ஷிசுகுயிஷி என்ற ஊரில் 1998 முதல் திறந்த நெல் வயலைச் சுற்றிக் குழாய் வளையம் போட்டு, சுமார் 200 பங்கு கூடுதலாக வாயுவைக் காற்றில் கலந்து பார்த்தார்கள். சீனாவிலும் செய்தார்கள். நெல் விளைச்சல் சராசரியாக 10 முதல் 15 சதவீதம் கூடியது, மூடிய கூண்டுக்குள் பயிர் வளர்த்துப் பார்த்த சோதனைகளில் கிடைத்த கணக்கைவிடக் குறைவு. தழைச்சத்து குறைந்த வயலில் லாபமும் குறைந்தது. வேலம்பாசிப் பாடமேதான்.

இந்த வாயு தனியாக வருவதில்லை என்பதுதான் சிக்கல், வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நெல் பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் போனாலே மகரந்தம் கெட்டுப் பதராகும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் 1979 முதல் 2003 வரையிலான கணக்கைப் பார்த்து, இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்றது. ஒரு கை கொடுக்க மறு கை பிடுங்குகிறது. மழை தப்பினால் எந்தக் கணக்கும் இல்லை.

விளைச்சல் கூடினா சத்தும் கூடும்தானே?

இல்லை, நீர்த்துப்போகிறது. சர்க்கரையும் மாவும் கூடுகின்றன, மண்ணிலிருந்து வரும் சத்து அதே வேகத்தில் கூடுவதில்லை. ஜப்பான், சீன வயல்களில் விளைந்த 18 நெல் ரகங்களை வைத்து 2018-ல் வந்த ஆய்வில், 570 முதல் 590 பங்கு வாயுவில் புரதம் சராசரியாக 10 சதவீதம், இரும்பு 8, துத்தநாகம் 5 சதவீதம் குறைந்தன. பி1, பி2 வைட்டமின்கள் 17 சதவீதமும், ஃபோலேட் 30 சதவீதமும் குறைந்தன. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. என்னைக் கேட்டால், விளைச்சல் சண்டையைவிட இதைத்தான் அதிகம் பேச வேண்டும்.

ஒரு மரம் நட்டா வருஷத்துக்கு எவ்வளவு வாயு இழுக்கும்?

"ஒரு மரம் இத்தனை கிலோ" என்று ஒரே எண்ணை எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். முருங்கைக்கும் ஆலமரத்துக்கும் எப்படி ஒரே எண் வரும்? நீங்களே போடக்கூடிய கணக்கு: காய்ந்த மரத்தில் பாதி கார்பன், அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயு. இருபது வருடம் வளர்ந்து அரை டன் காய்ந்த கட்டை வைத்திருக்கும் வேம்பு, 900 கிலோவுக்குச் சற்று மேல் இழுத்திருக்கிறது. வருடத்துக்கு 46 கிலோ.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வாயு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் போனால் 460 கிலோ. அந்த வேம்பின் பத்து வருட உழைப்பை நீங்கள் ஒரு வருடத்தில் ஊதிவிடுகிறீர்கள். மரத்தை வெட்டி அடுப்பில் வைத்தால் மிச்சமும் திரும்பக் காற்றுக்கே. கட்டிலாகவோ கதவாகவோ செய்தால் அது இருக்கும்வரை கார்பனும் இருக்கும்.

தம்பி, நான் தினமும் ரோஜாச் செடிகிட்ட பேசறேன். மூச்சுக்காத்து பட்டா நல்லா வளரும்னாங்களே?

அம்மா, நம் வெளிமூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமில வாயு, வெளிக்காற்றைவிட நூறு மடங்கு. ஆனால் ஈஸ்ட் பாட்டிலுக்குச் சொன்னதுதான், வாயை மூடுவதற்குள் கலைந்துவிடும். வாயுக் கணக்கில் பிரயோஜனம் இல்லை.

இதைக் கேட்ட அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மறுவாரம் வந்து, பேசிக்கொண்டே இலையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது, கையோடு துடைத்துவிட்டேன் என்றார். மாவுப்பூச்சிதான் அது. ரோஜா இப்போது மொட்டு விட்டிருக்கிறது. காரணம் மூச்சுக்காற்று என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.